வெப்ஸ்டரும் வெப்பும் ஒரே குடும்பமா?

வணக்கம் சிஸ். உங்க வீட்டுக்காரரோட தாத்தா பேரு வெப்ஸ்டர், அதுக்கும் முந்தின ஒரு சர்ச் பதிவுல மட்டும் வெப்னு இருக்கு, ரெண்டும் ஒரே குடும்பமா, டிக்‌ஷனரி வெப்ஸ்டர் சொந்தமானு கேட்டிருந்தீங்க.

அர்த்தம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், தறில உக்காந்து துணி நெய்யறவங்க. பழைய இங்கிலீஷ்ல ஸ்டர்னு முடிஞ்சா முதல்ல பொம்பளைய குறிக்கும், ரொட்டி சுடறவ பேக்ஸ்டர், பீர் காய்ச்சறவ ப்ரூஸ்டர், நூல் நூக்கறவ ஸ்பின்ஸ்டர், அப்படித்தான் நெய்யறவ வெப்ஸ்டர். அப்புறம் ஆம்பளைக்கும் அதே சொல் ஆகிடுச்சு. எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது, ஒரு பொம்பளையோட கைத்தொழில் இன்னிக்கும் பேர்ல நிக்குது பாருங்க. இங்கிலாந்து வடக்குலயும் ஸ்காட்லாந்துலயும் வெப்ஸ்டர் அதிகம், தெற்குப் பக்கம் வெப். 1875ல இங்கிலீஷ் கால்வாய நீந்திக் கடந்த மேத்யூ வெப் இந்த ரெண்டாவது பேருக்காரர்.

ஆனா ஊருக்கு ஊர் நெசவுக்காரங்க இருந்தாங்க, அங்கங்க தனித்தனியா வந்த பேரு, அதனால பேர் ஒண்ணா இருக்குன்னு சொந்தம்னு சொல்லிட முடியாது. 1828ல அகராதி போட்ட நோவா வெப்ஸ்டர் அமெரிக்காவுல கனெக்டிகட்காரர், அவர் முன்னோர் ஒருத்தர் அங்க கவர்னராவே இருந்திருக்கார்.

நீங்க அந்தப் பதிவுல அப்பா அம்மா பேரு, வேலை, தேதி மூணும் பொருந்துதானு பாருங்க, எழுதினவர் பேர சுருக்கியிருக்கலாம். லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கற இந்தியா ஆபீஸ் (பிரிட்டிஷ் காலத்துல இந்தியா நிர்வாகத்த லண்டன்ல இருந்து பார்த்த அரசு இலாகா) ஆவணங்கள்ல மெட்ராஸ் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் தனியா இருக்கு, அங்க தேடுங்க.