தனிமனிதத் தியாகம் இல்லாமல் ஒரு சமூகப் போராட்டம் வெல்லுமா?

தியாகம் என்றதும் எல்லாருக்கும் உயிர்தான் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்துச் சாதி எதிர்ப்புப் போராட்டத்தைப் பார்த்தால், அதற்கு முன்னால் நிறையச் சின்ன இழப்புகள் கிடக்கின்றன.

தேத்தண்ணிக் கடையையே எடுங்கள். 1960களிலும் பல கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குக் கிளாஸ் கிடையாது. போத்தலிலோ தகரப் பேணியிலோதான் தேத்தண்ணி. உள்ளே போய் வாங்கில் உட்கார்ந்து கிளாஸில் கேட்பவருக்கு அடி விழலாம். அது ஒருபக்கம் இருக்க, அவர் கூலிக்குப் போகும் தோட்டமும் தண்ணி அள்ளும் கிணறும் பெரும்பாலும் ஆதிக்க சாதியாரின் கையில். ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்கு வீட்டு உலையைப் பணயம் வைப்பது என்றால் இதுதான். (உலை கொதிக்காத வீட்டைச் சமாளித்த பெண்களைப் பற்றி யாரும் அதிகம் கதைப்பதில்லை.)

சாதியைக் காட்டி ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆனால் அது கடதாசியில் கிடந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனவர்கள் பொலிஸ் தடியடி வாங்கினார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில், உள்ளே விடச் சொல்லி, சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அங்கே வழிமறித்த முன்னாள் அமைச்சர் சுந்தரலிங்கத்தின்மேல் அதே சட்டத்தில் வழக்கு நடந்தது.

சரி, அடி வாங்கினால் மட்டும் போதுமா? போதாது என்பேன். பின்னால் அமைப்பு இருந்தது, வழக்குப் பேச ஆள் இருந்தது. தனியாக ஒருவர் போய் அடி வாங்கியிருந்தால் அடுத்த நாளும் போத்தலில்தான் தேத்தண்ணி.