பின்னுக்கு முன் பானட்டைப் பாருங்கள்

கேள்வி: என் பெரோடுவா மைவி காருக்கு ஆறு மாதங்களுக்கு முன் கார்பன் ஃபைபர் பானட் மாற்றினேன். 1,400 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. வேலை காரணமாக ஈப்போவுக்கு அடிக்கடி போகிறவன் நான். வேகம் 100-ஐ நெருங்கும்போது பானட்டின் முன்விளிம்பு படபடவென்று துடிக்கிறது. பானட் எழும்பாமல் மூலைகளைப் பிடித்துக்கொள்ளும் ‘பானட் பின்’ போட்டுக்கொள் என்கிறார்கள் நண்பர்கள். இணையக் கடைகளில் ஒரு ஜோடி 30 வெள்ளிக்கும் இருக்கிறது, 400 வெள்ளிக்கும் இருக்கிறது. எதை வாங்குவது? துளையை நானே போடலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கடைக்குப் போவதற்கு முன் பானட்டைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேல்பக்கத்தின் பளபளப்பையும் பின்னல் வரிசையையும் பார்த்துத்தான் எல்லாரும் பணம் கொடுக்கிறார்கள். உங்கள் உயிரைத் தாங்கிக்கொண்டிருப்பது அடிப்பக்கம்.

முதலில், பூட்டின் கொக்கி போய் மாட்டுகிற இரும்பு வளையத்தைப் பாருங்கள். நிறுவனம் தந்த இரும்பு பானட்டில் இந்த வளையம் தகட்டோடு பற்றவைக்கப்பட்டோ உறுதியான சட்டத்தில் முடுக்கப்பட்டோ இருக்கும். வெளியே வாங்கும் கார்பன் பானட்டில் அது எதில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஃபைபருக்குள் ஓர் உலோகத் தகடு புதைத்து, அதில் போல்ட் போட்டிருந்தால் நல்லது. வெறும் பசையில் ஒட்டியிருந்தாலோ, போல்ட்டைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கீறல்கள் தெரிந்தாலோ, பின் போடும் வரை அந்தக் காரை நெடுஞ்சாலைக்கு எடுத்துப்போகாதீர்கள்.

அடுத்து, ரேடியேட்டருக்கு மேலுள்ள குறுக்குச் சட்டத்தின் இரண்டு பக்கத்திலும் ரப்பர் குமிழ்கள் இருக்கும். பெரும்பாலான கார்களில் அவற்றைத் திருகி உயர்த்தலாம், தாழ்த்தலாம். பானட்டை மாற்றியவர் இவற்றைத் தொட்டிருக்கவே மாட்டார். பூட்டு கீழே இழுக்க, குமிழ் மேலே தள்ள, இரண்டுக்கும் நடுவில் பானட் இறுகி நிற்க வேண்டும். குமிழ் எட்டாமல் இருந்தால் எந்த பானட்டும் துடிக்கும். ஒவ்வொரு குமிழையும் ஒரு சுற்று உயர்த்தித் திருகிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சில பேருக்கு வைத்தியம் இங்கேயே முடிந்துவிடுகிறது, செலவு இல்லாமல்.

முடியவில்லை என்றால் பின் அவசியம்தான். ஓடும் காரின் பானட்டுக்கு மேலே காற்று வேகமெடுப்பதால் அங்கே அழுத்தம் குறைகிறது. முன்னால் கிரில் வழியாக நுழையும் காற்று என்ஜின் அறையை நிரப்பி அடியிலிருந்து தள்ளுகிறது. இரும்பு பானட் தன் கனத்தாலும் விறைப்பாலும் சமாளித்துவிடும். எடை குறைந்த பானட்டை நடுவில் ஒரே பூட்டு பிடித்துக்கொண்டிருக்க, இரண்டு மூலைகளும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. பின் பிடிப்பது அந்த மூலைகளைத்தான். எனவே பின் போட்டாயிற்று என்று பழைய பூட்டைக் கழற்றிவிடாதீர்கள். மூன்றும் சேர்ந்து இருக்கட்டும்.

பானட் திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். பல வருடங்களுக்கு முன் கராக் நெடுஞ்சாலையின் இறக்கத்தில், எண்ணெய் பார்த்துவிட்டுச் சரியாக மூடாத என் பழைய காரின் பானட் எழுந்து கண்ணாடியில் அறைந்தது. தவறு முழுக்க என்னுடையது. கண்ணாடி முழுவதும் வெள்ளை நிறத் தகடு. டாஷ்போர்டுக்கும் பானட்டின் அடிவிளிம்புக்கும் இடையே இரண்டு விரல் அகலச் சந்தில் சாலை தெரிந்தது. தலையை ஸ்டீயரிங் மட்டத்துக்குத் தாழ்த்தி, அந்தச் சந்து வழியாகப் பார்த்துத்தான் ஓரம் கட்டினேன்.

சரி, எதை வாங்குவது? இரண்டு வகைதான் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று பழைய பாணி: சட்டத்திலிருந்து ஓர் எஃகுத் தண்டு எழுந்து பானட் துளை வழியாக வெளியே தலைநீட்டும், அதன் காதில் ஒரு கிளிப்பைக் கோப்பீர்கள். துளை சிறியது, பொருத்துவது எளிது, எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் தலைநீட்டும் தண்டு, பாதசாரி மீதோ மோட்டார் சைக்கிளோட்டி மீதோ மோதினால் ஆணி போன்றது. இன்னொன்று பானட்டோடு சமமாகப் படிந்திருக்கும் அழுத்துப் பூட்டு. ஏரோகேட்ச் என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாவியோடும் வருகிறது, சாவியில்லாமலும் வருகிறது. பார்க்க அழகு, யாரையும் குத்தாது. ஆனால் அதற்குப் பானட்டில் நீள்வட்டமாகப் பெரிய ஓட்டையே வெட்ட வேண்டும். அடியிலுள்ள உள்சட்டத்தையும் சில சமயம் அறுக்க வேண்டிவரும். பலவீனமான பானட்டை அறுத்து இன்னும் பலவீனமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இதே தோற்றத்தில் போலிகளும் ஏராளம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பழைய பாணியையே, துருப்பிடிக்காத எஃகில், தண்டின் நுனி தேவைக்கு மேல் நீளாமல் வெட்டி உருட்டிப் போட்டுக்கொள்வேன். 30 வெள்ளிக்குச் சிவப்பும் நீலமுமாக மினுக்கும் பின்கள் பெரும்பாலும் அலுமினியம். கார்பனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் சின்ன பேட்டரி போல வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். நீங்கள் இருப்பது கடற்கரை ஊர். பட்டர்வொர்த் காற்றுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி துளை. நீங்களே போடலாம், பொறுமை இருந்தால். முதலில் தண்டுகளைச் சட்டத்தில் நிறுத்துங்கள். நடுக்கோட்டிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில், மூலைகளை ஒட்டி, மேலும் கீழும் அகலமான வாஷர் வைத்து முடுக்குங்கள். சட்டம் பிளாஸ்டிக்காக இருக்கிற கார்களில் இரும்புப் பட்டை ஒன்று அடியில் கட்டாயம். இல்லையென்றால் பின் நிற்கும், சட்டம் பிய்ந்து வரும். பிறகு தண்டின் நுனியில் அடையாள மை வேண்டும். ஒரு பட்டறைக்காரர் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து இரண்டு நுனியிலும் தொட்டுவைத்து, பானட்டை மெதுவாக இறக்கியதைப் பார்த்தேன். தூக்கினால் அடிப்பக்கத்தில் இரண்டு பொட்டு. அளவுகோலுக்கு வேலையே இல்லை.

அந்தப் பொட்டின் நடுவில், அடியிலிருந்து 3 மில்லிமீட்டர் துளை ஒன்று. அது மேலே வந்த இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். அடியில் ஒரு மரக்கட்டையை ஒருவர் அழுத்திப் பிடிக்கட்டும். இப்போது மேலிருந்து, படிப்படியாகப் பெரிதாகும் கூம்பு பிட்டால், குறைந்த வேகத்தில், கையின் கனத்தை மட்டும் கொடுத்துத் துளையிடுங்கள். அழுத்தினால் மறுபுறம் நார் பிரிந்து விளக்குமாறு போல நிற்கும். சுவர் துளைக்கும் மிஷினின் சுத்தியல் விசை அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

துகள் விஷயத்தில் விளையாடாதீர்கள். துணி முகக்கவசம் போதாது. என்95 வேண்டும், கண்ணாடி வேண்டும், கையுறை வேண்டும். கார்பன் துகள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் பேட்டரியையும் ஃபியூஸ் பெட்டியையும் பிளாஸ்டிக் போட்டு மூடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். காற்றால் ஊதாமல் வேக்குவமால் இழுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

பெரும்பாலான பட்டறைகள் சோம்பல்படுவது இதற்குப் பிறகுதான். அறுத்த விளிம்பு பச்சைப் புண் மாதிரி. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, எபாக்சி பூசி மூட வேண்டும். விட்டுவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கி அடுக்குகள் பிரியும். துளையைச் சுற்றிப் பால்போல வெளுப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். துளையைச் சுற்றிப் பானட்டின் மேல் வைக்கும் தட்டைத் தானே மரைபோடும் திருகால் முடுக்கக் கூடாது. ஃபைபர் அந்த மரையை நெடுநாள் தாங்காது. ஊடுருவிப் போகும் போல்ட், அடியில் அகல வாஷர், இடையில் ரப்பர் தட்டு.

கடைசியாக உயரம். கிளிப் விரலால் தள்ளினாலே போக வேண்டும். முழங்கையால் பானட்டை அமுக்கிக்கொண்டு கோக்க வேண்டியிருந்தால் பின் பானட்டை வளைக்கிறது என்று அர்த்தம். தண்டை அரைச் சுற்று ஏற்றுங்கள். 50 கிலோமீட்டர் ஓட்டியபின் எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள்.

பின்னுக்கு வெளியேயும் இரண்டு வேலை இருக்கிறது. காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாத மாற்றம் இழப்பீட்டு நேரத்தில்தான் பேசும். முன்கண்ணாடிக்கான காப்புறுதி நம் மலேசியாவில் தனியாக எடுக்க வேண்டிய ஒன்று. உங்களிடம் இல்லையென்றால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் வாகனத்தின் அமைப்பை மாற்றுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் வருகிற விவகாரம். ஆகவே படங்களோடு அருகிலுள்ள ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கிளையில் கேட்டுவிட்டுத் துளைபோடுங்கள். பழைய இரும்பு பானட்டை விற்றுவிட்டீர்களா? இல்லையென்றால் விற்காதீர்கள்.

கேள்வி: என் மகனுக்குக் கல்லூரி போக ஒரு பழைய கார் வாங்கிக் கொடுத்தோம். பானட் அசல் இரும்புதான், நன்றாகத்தான் மூடுகிறது. ஆனால் பந்தயக் காரில் இருப்பதைப்போலப் பின் போட்டால் பாதுகாப்பு என்று அடம் பிடிக்கிறான். போடலாமா?
– தாயார், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. இரும்பு பானட்டில் பூட்டும், அது தவறினால் பிடிக்க இரண்டாவது கொக்கியும் ஏற்கெனவே இருக்கின்றன. பந்தயக் காருக்குப் பின் போடுவதற்கு ஒரு காரணம், தீப்பிடித்தால் வெளியே நிற்பவர் உடனே திறக்க வேண்டும் என்பது. உங்கள் மகன் கல்லூரி வாகன நிறுத்துமிடத்துக்குப் போகிறார். நல்ல தகட்டில் இரண்டு ஓட்டை போட்டுக் கோலாலம்பூர் மழைக்கு வழிவிட்டால் மிச்சமாவது துருதான். பாதுகாப்புதான் கவலை என்றால் அந்தப் பணத்துக்கு டயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பானட்டை ஒரு கடையிலும், பின்னை இணையத்திலும் வாங்கி, கெப்போங் பக்கம் ஒரு பட்டறையில் பொருத்தக் கொடுத்தேன். துளை போடும்போது பானட்டில் நீளமாக விரிசல் விட்டுவிட்டது. ‘பொருள் உங்களுடையது, நாங்கள் பொறுப்பில்லை’ என்று சுவரில் மாட்டியிருக்கும் அட்டையைக் காட்டுகிறார்கள். இதற்கிடையே, பானட் விற்ற கடை முழுக் கார்பன் என்று சொன்னது. விரிசலில் பார்த்தால் உள்ளே வெள்ளை ஃபைபர்கிளாஸ். யாரைப் பிடிப்பது?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: இரண்டு பேரையும், தனித்தனியாக.

பட்டறையிலிருந்து தொடங்குவோம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது அதில் உள்ள உத்தரவாதம். பொருள் யாருடையது என்பதற்கும் துளை எப்படிப் போடப்பட்டது என்பதற்கும் தொடர்பில்லை. சுவரில் மாட்டிய அட்டை அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிடாது. பானட் ஏற்கெனவே பழுதாக இருந்தது என்று அவர்கள் வாதாடலாம். அதனால் கொடுக்கும் முன் எடுத்த படம் இருந்தால் தேடி எடுங்கள்.

விற்ற கடையின் கதை வேறு. கார்பன் பானட் என்று சந்தையில் கிடைப்பவற்றில் பல, மேலே ஓர் அடுக்கு கார்பன் துணி, அடியில் ஃபைபர்கிளாஸ். அது மோசமான பொருள் என்று சொல்லமாட்டேன். தெருவில் ஓடும் காருக்கு நன்றாகவே உழைக்கும். முழுக் கார்பன் என்று சொல்லி, அந்த விலையையும் வாங்கியதுதான் குற்றம். விளம்பரத்திலோ வாட்ஸ்அப் உரையாடலிலோ ‘முழுக் கார்பன்’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். விற்பனையாளர் வாயால் மட்டும் சொல்லியிருந்தால் நிரூபிப்பது கடினம். (வாங்கப்போகும் மற்றவர்களுக்கு: பானட்டின் அடிப்பக்கம் கறுப்புச் சாயம் பூசப்பட்டிருந்தால், எதை மறைக்கிறீர்கள் என்று கேளுங்கள். இரும்பு பானட்டின் மேல் கார்பன் தோற்ற ஒட்டுத்தாள் ஒட்டி விற்பவர்களும் உண்டு. வீட்டுக் குளிர்பெட்டிக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோனால் அந்த ஏமாற்று அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.)

இருவருக்கும் தனித்தனிக் கடிதம் எழுதி, 14 நாள் கெடு கொடுங்கள். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முதலாம் பாரத்தை நிரப்பிக் கொடுக்கலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள். பிரச்சினை எழுந்த 3 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் அங்கே வாதாட முடியாது என்பதால் கடைக்காரரும் நீங்களும் நேருக்கு நேர்தான். எழுத்து வேலையில் தடுமாறினால், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசி ஆலோசனை கேட்கலாம்.

பாரத்தில் எதிர்த்தரப்பின் பெயர் கேட்கும் இடத்தில் பெயர்ப்பலகையில் இருப்பதை எழுதிவிடாதீர்கள். ரசீதின் தலைப்பில் சிறிய எழுத்தில் பதிவுபெற்ற நிறுவனப் பெயரும் எண்ணும் இருக்கும், அதை எழுதுங்கள். ரசீதே தரவில்லை என்றால், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். விரிசல் விட்ட பானட்டைத் தூக்கி எறியாமல் வீட்டில் வைத்திருங்கள்.