140 கட்டுரை எழுதியவரா, 22 எழுதியவரா: பேதாலஜியில் எந்த கைடிடம் சேரலாம்?

தங்கைக்கு எம்.டி. பேதாலஜி (திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் படிப்பு) சீட் கிடைத்திருக்கிறது, தீசிஸ் கைடாக இரண்டு பேரில் ஒருவரைச் சொல்ல வேண்டும், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒருவருக்கு 140 கட்டுரைகள், இன்னொருவருக்கு 22, யாரிடம் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான இடங்களில் கைடை ஹெச்.ஓ.டி.யே ஒதுக்கிவிடுவார். கேட்டுச் சொல்லும் வாய்ப்பு கிடைத்ததே அதிர்ஷ்டம்தான்.

நான் குடியாத்தத்துக்காரன். வேலூர் பக்கம் பேதாலஜியில் இருக்கிறேன். என் கணக்கு 19. அதனால் மனசு 22 பக்கம்தான் சாயும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், அந்த 140 எல்லாம் அவருடையதுதானா என்று பாருங்கள். திருட்டைச் சொல்லவில்லை, இனிஷியலைச் சொல்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து எழுதியதும் அப்பா பெயர் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட் அதைத்தான் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு நம் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிடும். என் முதல் கட்டுரை அப்படித்தான் வந்தது. தறியில் லுங்கி நெய்து என்னைப் படிக்க வைத்தவர் பெயரில், கழுத்துக் கட்டி பயாப்ஸி பற்றி ஒரு கட்டுரை! அவரிடம் காட்டினேன். "நான் எப்படா இதை எழுதினேன்?" என்றார். பெயர் இப்படிச் சுருங்கும்போது ஒரே பெயரில் நாலு டாக்டர்கள் இருந்தால் நாலு பேர் கட்டுரையும் ஒருவர் கணக்கில் சேர்ந்துவிடும். இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2012இல் ஆர்க்கிட் என்ற 16 இலக்க எண் வந்தது. தங்கையை முதல் வருஷமே பதிவு செய்யச் சொல்லுங்கள். காசு கிடையாது.

அடுத்தது, பட்டியலில் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்பது. பேதாலஜிஸ்ட் பெயர் நடுவில் வருவது எங்கள் தொழிலில் சகஜம். சர்ஜரிக்காரர்களும் தோல் டாக்டர்களும் கட்டுரை எழுதுவார்கள். ஸ்லைடைப் பார்த்து முடிவு சொல்லி, இரண்டு படம் எடுத்துக் கொடுத்தவர் பெயர் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கும். அதில் தப்பில்லை, பல சமயம் அந்த இரண்டு படம்தான் கட்டுரையின் உயிரே. ஆனால் 140இல் 120 இப்படி என்றால், ஸ்லைடைப் பார்த்து நோயைச் சொல்வதில் அவர் கெட்டிக்காரர் என்று தெரியும். அவருக்கென்று ஒரு கேள்வி இருக்கிறதா என்பது தெரியாது.

இடம் எவ்வளவு முக்கியம் என்று நான் அடிபட்டுக் கற்றேன். 2015இல் மெடிக்கல் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை விட்டது. பதவி உயர்வுக்கு முதல் பெயரும் இரண்டாம் பெயரும்தான் கணக்கு, ஆன்லைனில் மட்டும் வரும் இதழ்கள் செல்லாது என்றது. அடுத்த வருஷம் என் கட்டுரை ஒன்று அச்சுக்குப் போனது. ஸ்லைடு முழுக்க நான் பார்த்தது. அனுப்பும்போது இரண்டாவதாக இருந்த என் பெயர், வரும்போது மூன்றாவதாக இருந்தது. நடுவில் நுழைந்தவர் ஒரு நாள்கூட மைக்ராஸ்கோப் பக்கம் வந்ததில்லை. கேட்டதற்கு, "அடுத்ததில் பார்த்துக்கலாம்" என்றார்கள். 2020இல் விதி மாறி, முதல் மூன்று பெயர்களும், இதழோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளும் தொடர்பு ஆசிரியரும் கணக்கில் வந்தார்கள். செத்துப் போனதாக நினைத்த கட்டுரை எழுந்து உட்கார்ந்தது. அதே கட்டுரை, அதே ஸ்லைடு! பதவி உயர்வுக்காக வெளிவரும் கட்டுரைகளைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள். எச்-இண்டெக்ஸும் பாருங்கள். ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் 2005இல் சொன்ன கணக்கு அது. 12 என்றால், குறைந்தது 12 தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 12 இருக்கின்றன என்று அர்த்தம். 140 கட்டுரைக்கு 6 என்று இருந்தால் கொஞ்சம் யோசிக்கலாம். அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

சரி, பிறகு எதைத்தான் பார்ப்பது? நான் பார்ப்பது, பட்டியல் நெடுக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதா என்பதை. இதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. தொழுநோய் பேதாலஜியில் சி.கே. ஜாப் என்று ஒருவர் இருந்தார். வேலூர் சி.எம்.சி.யிலும், காட்பாடியைத் தாண்டி இருக்கும் கரிகிரியிலும் வேலை பார்த்தவர். 1968இல் அவரும் தேசிகன் என்பவரும் சேர்ந்து, தொழுநோயில் நரம்புகள் எந்தெந்த இடத்தில் எப்படிக் கெடுகின்றன என்று எழுதினார்கள். பிறகு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மையத்துக்குப் போய், ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்திய விலங்கில் அதே நோயைப் பார்த்தார். 2008இல் வந்த கட்டுரையில் அவர் முகவரி சேத்துப்பட்டு தொழுநோய் மருத்துவமனை, அதாவது பழைய வடஆற்காடு ஜில்லா. நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருப்பவர்களின் தோலிலும் மூக்குச் சளியிலும் கிருமி இருக்கிறதா என்று பி.சி.ஆர். வைத்துத் தேடிய ஆய்வு அது. இரண்டுக்கும் நடுவில் நாற்பது வருஷம். இந்தக் கிருமி உடம்பில் எங்கே இருக்கிறது, எப்படி அடுத்தவருக்குப் போகிறது என்ற கேள்வி மட்டும் மாறவே இல்லை.

நோயும் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். தொழுநோய்க் கிருமி ஒன்று இரண்டாகப் பிரிய 12 முதல் 14 நாள் ஆகும். சாதாரண குடல் கிருமிக்கு 20 நிமிஷம் போதும். தொழுநோய்க் கிருமியை இன்றுவரை கண்ணாடித் தட்டில் வளர்க்க முடிந்ததில்லை. எலியின் பாதத்தில் ஊசி போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த வேலையில் இருப்பவரிடம் வருஷத்துக்கு 10 கட்டுரை கேட்டால் பாவம்.

இன்னொன்று. கைடு ஸ்லைடு எப்படித் தயாராகிறது என்று தெரிந்தவரா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், தெரியாதவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு டெக்னீஷியன் அண்ணன். தொழுநோய்க் கிருமியின் மெழுகு உறை மென்மையானது. காசநோய்க்குப் போடும் சாயமுறையை அப்படியே போட்டால் சிவப்பு கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் ஃபைட் என்ற சாயமுறையில், மெழுகைக் கரைக்கும் சைலினோடு கடலை எண்ணெய் கலப்பார்கள். அந்த எண்ணெய்தான் கிருமியின் உறையைக் காக்கிறது. அண்ணன் ஆரணிப் பக்கம். "சார், வெள்ளைக்காரன் புத்தகத்துல பெரிய பேரா போட்டிருப்பான். இது நம்ம மல்லாட்டை எண்ணெய்தான்" என்று பாட்டிலைக் காட்டினார். அப்புறம் ஆயில் இம்மெர்ஷனில், அதாவது ஸ்லைடு மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸை வைத்து, பார்க்கச் சொன்னார். நீலத் தரையில் சிவப்புக் குச்சிகள், கத்தை கத்தையாக. பாடப் புத்தகம் அதைச் சுருட்டுக் கட்டு என்கிறது. குடியாத்தத்தில் பிறந்தவனுக்கு அது பீடிக்கட்டு. பரீட்சையில் சுருட்டு என்றுதான் எழுதினேன்.

கடைசியாக, முடிந்தால் தங்கையை பிளாக் ரூமைக் காட்டச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். நோயாளியின் திசு மெழுகில் பதிந்து கட்டைவிரல் அளவு பிளாக்காக அங்கேதான் இருக்கும். பழைய கேஸ்களை எடுத்துச் செய்யும் தீசிஸ் எல்லாம் அந்த அறையை நம்பித்தான். என் தீசிஸுக்குப் பதிவேட்டிலிருந்து 64 கேஸ் குறித்துக்கொண்டு போனேன். பிளாக்குகள் ஆம்பூர் ஷூ கம்பெனி அட்டைப் பெட்டிகளில் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. பெட்டி மேல் செருப்பு சைஸ் 8, அதன் கீழ் பேனாவில் வருஷம். ஒரு மூலையில் மழை ஒழுகி அட்டை ஊறி, நம்பர் சீட்டெல்லாம் உதிர்ந்து கிடந்தது. மெழுகுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எது யாருடையது என்று சொல்ல ஆளில்லை. 11 கேஸ் போச்சு. 53ஐ வைத்து எழுதினேன்.

22 கட்டுரைக்காரரின் அறையில் பெட்டிகள் ஒழுங்காக இருந்தால் அவரிடமே சேரச் சொல்லுங்கள். 140காரர் அறையில் ஒழுங்காக இருந்தால் அவரிடம்.