மகளிர் பிரிவுத் தலைவி பதவியை ஏற்கலாமா?

கேள்வி: மருத்துவர் சங்கத்தில் பல வருட உறுப்பினர் நான். இந்த முறை செயலாளர் பதவிக்குப் போட்டியிட நினைத்தேன். 'போட்டியெல்லாம் எதற்கு மேடம், மகளிர் பிரிவுத் தலைவி பதவியைத் தருகிறோம்' என்கிறார்கள் மூத்தவர்கள். ஏற்கலாமா?

பதில்: இன்னும் சரி என்று சொல்லிவிடவில்லையே? நல்லது. முதலில் சங்கத்தின் பைலாவை, அதாவது விதிமுறைப் புத்தகத்தை, கேட்டு வாங்குங்கள். செயற்குழுவில் யார் யார் என்று சொல்லும் பக்கத்தை முதலில் பாருங்கள். மகளிர் பிரிவுத் தலைவி அதில் இருக்கிறாரா, இருந்தால் ஓட்டு உண்டா? 'சிறப்பு அழைப்பாளர்' என்று போட்டிருந்தால் நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது. மாநாட்டில் யார் பேசுவது, விருதுக் குழுவில் யார், இரவுப் பணிப் பாதுகாப்பு பற்றிச் சங்கம் என்ன கேட்பது எல்லாம் அந்த ஓட்டில்தான் முடிவாகும். உங்களுக்கு மிஞ்சுவது மேடையில் நினைவுப் பரிசை எடுத்துக் கொடுக்கும் வேலை.

தலைவிக்கு ஓட்டு உள்ள சங்கங்களும் உண்டு. அப்படியானால் ஏற்கலாம். ஆனால் உங்களைப் பெண் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்களா, தலைவர் நியமிக்கிறாரா? நியமனம் என்றால், அவரோடு ஒத்துப்போகாத அன்று பதவியும் போகலாம். அப்புறம், 'ஒருவருக்கு ஒரு பதவி' என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கும். இருந்தால், மகளிர் பிரிவை ஏற்ற கையோடு செயலாளர் தேர்தலில் நிற்கும் தகுதி போய்விடும். பல நேரம் அந்தப் பதவியை நீட்டுவதே இதற்காகத்தான். விலகிவிட்டு நிற்கலாமே என்பீர்கள். நிற்கலாம், விலகி எத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தில் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் 1873இல் உறுப்பினரானார். விழித்துக்கொண்ட சங்கம் இனிப் பெண்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தது. 19 ஆண்டுகள் அவர் ஒருவர்தான் பெண் உறுப்பினர். அமெரிக்க மருத்துவச் சங்கம் தொடங்கியது 1847இல். முதல் பெண் தலைவர் நான்சி டிக்கி வந்தது 1998இல். 'நேரம் வரும், பொறுங்கள் மேடம்' என்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நிற்பதென்று முடிவு செய்தால், 'என் கையில் 60 ஓட்டு இருக்கிறது' என்று ஒருவர் வருவார். எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார். வேட்புமனுவோடு, தேதி போடாத வாபஸ் கடிதத்திலும் கையெழுத்துக் கேட்பார், 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டி' என்று. போட்டுவிடாதீர்கள். அப்படி ஒரு கடிதம் எதிரணிக்கு விலைபோனதைப் பார்த்திருக்கிறேன்.

முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவரின் சந்தா ரசீதையும் கண்ணால் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் மனு, வழிமொழிந்தவருக்குச் சந்தா பாக்கி என்று தள்ளுபடியானது. அதே பாக்கியோடு அவர் முந்தைய தேர்தலில் ஓட்டே போட்டிருந்தார். கேட்டால், அப்போது யாரும் ஆட்சேபிக்கவில்லையாம்!

மனுவை நேரில் கொடுத்து, நகலில் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். 'மெயிலில் அனுப்பினால் போதும் மேடம்' என்பார்கள். போதாது.