ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள்?

அண்ணா, வணக்கம். பெருந்துறைப் பக்கம் பிசியோதெரபி கடைசி வருடம் படிக்கிறேன். தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் ஓய்வு நேரத்தில் எவ்வளவு உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று கணக்கெடுப்பதுதான் என் ப்ராஜெக்ட். போன ஏழு நாளில் லேசாக, நடுத்தரமாக, கடுமையாக என்று தனித்தனியே எத்தனை நாள், நாளுக்கு எத்தனை நிமிடம் என்று கேட்கிற படிவம். கோபி பக்கம் 12 வீட்டுக்குப் போனேன், 9 பேருக்குச் சைபர். தினமும் வீல்சேரிலேயே தோப்புக்குப் போய்வருகிற ஒரு அண்ணன்கூட ‘ஒண்ணும் பண்றதில்லீங்க’ என்கிறார். படிவம் நம்ம ஊருக்கு ஒத்துவரவில்லையா? பேசாமல் கையில் வாட்ச் கட்டி இதயத்துடிப்பை எடுத்துவிடலாமா?

அன்புள்ள அம்மணி,

படிவம் நல்ல படிவம். கேத்லீன் மார்ட்டின் கினிஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளரும் அவர் கூட வேலை செய்தவர்களும் என்னைப் போலத் தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கென்றே உருவாக்கியது, ஐந்து நிமிடத்தில் கேட்டு முடித்துவிடலாம். சிக்கல் ‘ஓய்வு’ என்ற வார்த்தையில் இருக்கிறது.

தோட்டத்துக் கிணற்றுமேட்டில் இருந்து நான் விழுந்து 14 வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபிறகு பார்க்க வந்த ஒவ்வொருவரும், பெரியம்மா, மாமன், பக்கத்துத் தோட்டத்துக்காரர், பஸ் பிடித்து வந்த தூரத்துச் சொந்தம் எல்லோரும், ஆர்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுச் சொன்னது ஒன்றேதான்: நல்லா ஓய்வு எடு கண்ணு. அப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒருத்தரிடம் போய் ‘ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள்’ என்றால் என்ன சொல்வார்? நாள் பூராவும் ஓய்வுதானுங்களே என்பார். நீங்கள் சைபர் போட்டுக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

படிவம் கேட்பது அதை இல்லை. யாரும் சொல்லாமல், வேலைக்காகவும் இல்லாமல், தனக்குப் பிடித்து, தானாக நேரம் ஒதுக்கி உடம்பை அசைத்தது எவ்வளவு என்பதைத்தான். அதை அப்படியே கேளுங்கள்.

தோப்புக்குப் போகிற அண்ணன் விஷயம் எனக்கு நன்றாகவே புரிகிறது, நானும் அதைத்தான் செய்கிறேன். காலையில் வீல்சேரில் இட்டேரி வழியாக, அதாவது இரண்டு பக்கமும் வேலி போட்ட வண்டித்தடத்தில், போய் மோட்டார் போட்டுவிட்டு வருவேன். அது வேலை, இந்தப் படிவத்தில் வராது. சாயங்காலம் அதே இட்டேரியில் கூட்டாளி ஒருத்தனோடு வாய்க்கால் வரைக்கும் போய்த் திரும்புவேன், அது வரும். தடம் ஒன்றுதான், சக்கரம் ஒன்றுதான், வழுக்காமல் இருக்கச் சக்கரத்தைத் தள்ளுகிற கைவளையத்தில் நான் சுற்றி வைத்திருக்கிற சைக்கிள் டியூப்கூட ஒன்றுதான். ஆனால் ஒன்று கணக்கில் சேரும், இன்னொன்று சேராது. இது அநியாயம் என்று எனக்கும் முதலில் கோபம் வந்தது. அப்புறம்தான் விளங்கியது: தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்காக 2018-ல் வந்த உடற்பயிற்சி வழிகாட்டுதல், உடம்பில் தெம்பு ஏற வாரம் இரண்டு தடவை 20 நிமிடமாவது மூச்சு வாங்குகிற பயிற்சி, கூடவே இரண்டு தடவை தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று சொல்வது அன்றாட வேலைக்கு மேலே செய்வதைத்தான். அதற்காகக் காலையில் தோப்புக்குப் போய்வருவதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஓரத்தில் தனியாக எழுதிவையுங்கள். தோள்பட்டை தேய்வது இரண்டிலும்தான். அன்றாட வேலையையும் சேர்த்து எடுக்க வேண்டுமென்றால் மூன்று நாள் நடந்ததை விசாரிக்கிற ‘பாரா-எஸ்சிஐ’ என்ற நேர்காணல் முறை 2005-லேயே வந்துவிட்டது, ஆனால் அதற்கு நேரம் நிறையப் பிடிக்கும்.

வாட்ச் யோசனையை விட்டுவிடுங்கள். கழுத்திலோ மார்பின் மேல்பகுதியிலோ அடிபட்டவர்களுக்கு, இதயத்தை முடுக்கிவிடுகிற நரம்புக்கு மூளையில் இருந்து போகும் தகவல் அடிபட்ட இடத்திலேயே நின்றுவிடும், அதனால் உயிரைக் கொடுத்துத் தள்ளினாலும் பலருக்குத் துடிப்பு 120, 130-ஐத் தாண்டாது. வாட்ச் அதைப் பார்த்து ‘லேசான பயிற்சி’ என்று எழுதிவிடும். வியர்வையை வைத்தும் சொல்ல முடியாது, அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. மூச்சைக் கேளுங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் நடுத்தரம். ரெண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் கடுமை. இட்டேரியில் மழைக்கு அப்புறம் மாட்டுவண்டித் தடம் இறுகிக் கிடக்குமே, அந்த இடத்தில் நானும் கூட்டாளியும் பேச்சை நிறுத்திவிடுவோம். அந்த மாதிரி இடம் ஒவ்வொருத்தருக்கும் ஒன்று இருக்கும், அதை விசாரித்தால் படிவத்தின் மூன்று அளவும் தானாகப் புரிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சைபர் வந்தால் அது உண்மையான சைபர், அழிக்காதீர்கள். கனடாவில் எடுத்த பெரிய கணக்கெடுப்பிலேயே ஏறக்குறைய பாதிப்பேர் ஒன்றும் செய்வதில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் சைபருக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: வாசலில் எத்தனை படி? எங்கள் வீட்டில் மூன்று படி இருந்தது. சாய்தளம் போடுகிறவரை இரண்டு வருடம் நான் திண்ணையைத் தாண்டவில்லை, அப்போது யாராவது படிவத்தோடு வந்திருந்தால் எனக்கும் சைபர்தான், என்னைச் சோம்பேறி என்று எழுதியிருப்பார்கள்.

அந்த 9 வீட்டுக்கும் இன்னொரு தடவை போய்வாருங்கள் அம்மணி, வெயில் தாழ்ந்து நாலரை மணிக்கு மேல். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.