'சிசேரியன் கேட்டால் கோழை என்பார்களோ?'

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 29. ஊர் தென்காசிப் பக்கம். இரண்டாவது குழந்தைக்கு இது ஆறாம் மாதம். நான்கு வருடங்களுக்கு முன் மூத்தவனை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். மலத்துவாரத் தசை வரை கிழிந்து, தியேட்டரில் வைத்துத் தைத்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'தேர்ட் டிகிரி' என்று இருக்கிறது.

தையல் ஆறிவிட்டது என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள். ஆனால் இன்றும் என்னால் காற்றை அடக்க முடிவதில்லை. வயிறு கலக்கினால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. ஒருமுறை பஸ்ஸில் நடந்ததை எழுதக் கை வரவில்லை. அதன்பிறகு கல்யாண வீடுகளுக்கும் போவதில்லை. என் கணவருக்கே இது தெரியாது.

"மொதப் பிள்ளைக்கே வழி ஆயிட்டு, இது லேசா வந்துரும்" என்கிறார் அத்தை. எனக்கோ கத்தரிச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. சிசேரியன் கேட்டால் கோழை என்பார்களோ?

– பெயர் வேண்டாம்

அன்புத் தங்கைக்கு,

நான்கு வருடம் ஒருவரிடமும் சொல்லாமல் இதைச் சுமந்திருக்கிறீர்கள். உங்களைக் கோழை என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

எந்த வழிப் பிரசவம் என்று முடிவெடுக்கும் முன், எனக்கு எழுதியதை அப்படியே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் எழுதிக் கொடுங்கள், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோடு. இது வெட்கக்கேடு அல்ல, காயத்தின் மிச்சம். முடிவையே மாற்றக்கூடிய தகவலும் இதுதான்.

ஏனென்றால், இப்படிக் கிழிந்து, பிறகு எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்கள் பலர் அடுத்த குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெறுகிறார்கள். மறுபடி அதே அளவு கிழிவது நூற்றில் ஐந்திலிருந்து ஏழு பேருக்குத்தான். ஆனால் தொந்தரவு நீடிக்கிறவர்களுக்கும், ஸ்கேனில் தசை பலவீனமாகத் தெரிகிறவர்களுக்கும் திட்டமிட்ட சிசேரியனையும் ஒரு வழியாக முன்வைக்கலாம் என்கிறது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2015-ல் வெளியிட்ட வழிகாட்டி. நீங்கள் அந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறீர்கள். ஆசனவாய் வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்ட் எங்கே கிடைக்கும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். இடுப்படித் தசைப் பயிற்சிக்கு பிசியோதெரபிஸ்ட்டையும் கேளுங்கள்.

சிசேரியனால் பழைய காயம் ஆறிவிடாது. மேலும் சேதமாகாமல் காக்கும், அவ்வளவுதான். ரத்தப்போக்கு, தொற்று, ரத்தக்கட்டு, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்வது என்று அதற்கும் ஆபத்துகள் உண்டு. மூன்றாவது குழந்தை ஆசை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சுகப்பிரசவம்தான் என்று முடிவானால், அனுபவமுள்ளவர் உடனிருப்பாரா, தலை வரும்போது வெந்நீர் ஒத்தடம் கொடுத்து மெதுவாக விடுவார்களா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். குழந்தை வர பிறப்புறுப்பின் வாயை வெட்டியே ஆகவேண்டும் என்றால் நேர்கீழாக அல்ல, சாய்வாக வெட்ட வேண்டும்.

கத்தரிச் சத்தத்துக்கு நடுங்குவது உங்கள் மனம் இன்னும் அந்தப் பிரசவ அறையை விட்டு வெளியே வரவில்லை என்பதால். இதற்குச் சிகிச்சை உண்டு. பிரசவத்துக்கு முன்பே தொடங்கலாம். அதிர்ச்சிக்குச் சிகிச்சை தரும் மனநல நிபுணரைப் பாருங்கள். அதுவரை 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம். இந்தப் பயத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முடிவெடுக்கும்போது அதுவும் ஒரு காரணம்தான்.

கணவரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். "நான் ஊர் விசேஷங்களுக்கு வராததுக்குக் காரணம் இதுதான்" என்று தொடங்கினால் மீதி தானாக வரும்.

அத்தையிடம் எல்லாம் விளக்க வேண்டாம். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவங்கள் சிசேரியன். 'எதுக்கெடுத்தாலும் கத்தி வைக்காங்க' என்று பெரியவர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. உங்களுக்கு இருப்பது தெளிவான மருத்துவக் காரணம். அதைக் கணவரோ மருத்துவரோ அவரிடம் சொல்லட்டும்.

ஒன்பதாம் மாதம் பிறப்பதற்குள் முடிவைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். குறித்த தேதிக்கு முன்பே வலி வந்தால் எங்கே போவது, என்ன செய்வது என்பதும் அதில் இருக்கட்டும்.