கழிவுக் கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கால்நடைக் கழிவைப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: இதில் கரண்ட் எடுக்க முடியுமா? முடியும். ஆனால் இறைச்சிக்கூடக் கழிவு ஆலைகளிலும் சாண எரிவாயுக் கலன்களிலும் பல வருஷம் குப்பை கொட்டிய பொறியாளன் நான். (வேலையே அதுதான், வேறு எப்படிச் சொல்வது?) அந்த உரிமையில் சொல்கிறேன்: கழிவிலிருந்து எடுக்கக்கூடியவற்றில் மின்சாரம் கடைசி வரிசையில்தான் உட்காரும். முன்வரிசையில் என்னென்ன இருக்கின்றன என்பது கீழே வரும் பதில்களில் கிடைக்கும்.

கேள்வி: எங்களிடம் இருபது கறவை மாடுகள் இருக்கின்றன. சாண எரிவாயுவில் மின்சாரம் எடுத்து விற்கலாம் என்று ஒருவர் திட்டம் கொண்டுவந்திருக்கிறார். நம்பலாமா?

திட்டத்தை மூடி வைத்துவிட்டு ஒரு பென்சிலை எடுங்கள். பச்சைச் சாணம் ஒரு கிலோவுக்குச் சுமார் 40 லிட்டர் வாயு வரும். மாட்டுக்குப் பத்து கிலோ உங்கள் கைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், இருபது மாட்டுக்கு 200 கிலோ, அதாவது நாளைக்கு 8 கன மீட்டர் வாயு. ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 6 யூனிட் அளவுக்கு வெப்பம் இருக்கிறது. அதை எஞ்சினில் விட்டு ஜெனரேட்டரைச் சுற்றினால் கையில் மிஞ்சுவது 2 யூனிட்தான். ஆக மொத்தம் நாளைக்கு 16 யூனிட். ஒவ்வொரு கன மீட்டரிலும் மீதி 4 யூனிட் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெறும் சூடாகப் போய்விடும்.

அதே 8 கன மீட்டரை நேராக அடுப்பில் எரித்தால்? ஒரு ஆளின் சமையலுக்கு ஒரு நாளைக்குக் கால் கன மீட்டருக்குச் சற்று மேல் போதும். இருபத்தைந்து பேருக்குமேல் சமைத்துவிடலாம். அல்லது பால் கேன்களையும் கறவை எந்திரத்தையும் கழுவ வெந்நீர் போடலாம். உங்கள் பண்ணைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

எஞ்சின் வேண்டும் என்றே நின்றால், திட்டக்காரரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். எஞ்சின் சூட்டை எங்கே பயன்படுத்தப் போகிறார்? வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடை எப்படி எடுக்கப் போகிறார்? அந்த அழுகிய முட்டை வாசனைக்காரன் எஞ்சினுக்குள் போனால் அமிலமாகி ஆயிலைக் கெடுத்து, பேரிங்கைத் தின்றுவிடுவான். துருப்பிடித்த இரும்புச் சுருள்களை நிரப்பிய ஒரு டிரம் வழியாக வாயுவைச் செலுத்தினாலே பெரும்பகுதி பிடிபட்டுவிடும். இந்தப் பேச்சே திட்டத்தில் இல்லையென்றால், திட்டம் போட்டவர் ஓடுகிற எஞ்சினைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருந்த கலன். கொஞ்ச நாளாக வாயு குறைந்துவிட்டது, வருவதும் சரியாக எரியவில்லை, வெளியே வரும் கரைசலில் புளித்த வாடை. என்ன ஆயிற்று?

அஜீரணம். கலனுக்குள் இரண்டு நுண்ணுயிர்க் கூட்டம் வேலை செய்கிறது. முதல் கூட்டம் சாணத்தையும் கொழுப்பையும் உடைத்து அமிலமாக்கும், வேகமாகப் பெருகும். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று, எரியும் வாயுவான மீத்தேனைக் கொடுக்கும். அது மெதுவாகப் பெருகுவது, தொட்டால் சிணுங்கும் ஜாதி. நீங்கள் திடீரென்று தீனியைக் கூட்டினால் முதல் கூட்டம் கொண்டாடும், இரண்டாவது கூட்டம் திணறும், அமிலம் தேங்கும். பி.எச். (புளிப்பு கூடக் கூட இறங்கும் அளவு) 6.5-க்குக் கீழே போனால் மீத்தேன் கூட்டம் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிடும். அப்போது வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அது எப்படி எரியும்?

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், பக்கத்து இறைச்சிக் கடைக் கொழுப்பையும் 'சும்மா கிடைக்கிறதே' என்று போட ஆரம்பித்ததாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதுதான் காரணம். கொழுப்பு ஒரு கிலோவுக்குச் சாணத்தைவிடப் பல மடங்கு வாயு தரும் என்பது உண்மை. ஆனால் பழக்காத கலனுக்கு அது விஷம் மாதிரி. தீனியை உடனே நிறுத்துங்கள். ஒரு வாரமோ இரண்டு வாரமோ பொறுத்திருந்து, பி.எச். 7-க்குத் திரும்பியதும் சாணத்தை மட்டும் பாதி அளவில் தொடங்குங்கள். நன்றாக ஓடும் இன்னொரு கலனிலிருந்து சில குடம் கரைசல் வாங்கி ஊற்றினால் சீக்கிரம் எழுந்துகொள்ளும். கொழுப்பைப் பிற்பாடு சேர்க்கலாம், துளித் துளியாக, வாரக்கணக்கில் கூட்டிக்கொண்டே.

அப்புறம், கொட்டகை கழுவும் பினாயில் தண்ணீரும், ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட மாட்டின் சாணமும் கலனுக்குள் போகக் கூடாது. கிருமியைக் கொல்லும் மருந்துக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி தெரியாது.

கேள்வி: சின்ன இறைச்சிக்கூடம் நடத்துகிறோம். இரத்தம், எலும்பு, கொழுப்பு, குடல், கோழி இறகு எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் சேர்த்து வாயு எடுக்கலாம் என்று யோசனை. சரியா?

சரியில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டும்போது, அவற்றில் எது மலிவோ அந்த விலைக்கு மற்றதும் இறங்கிவிடுகிறது. தனித்தனியாகப் பார்ப்போம்.

இரத்தம். ஆறில் ஒரு பங்குக்கு மேல் புரதம். காயவைத்துத் தூளாக்கினால் 12, 13 சதவீதம் நைட்ரஜன் உள்ள உரம். சுத்தமாகப் பிடித்தால் பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய இரத்த நீரை) பிரித்து உணவுத் தொழிலுக்கே தரலாம். இதைச் சாக்கடையில் விட்டால் வீட்டுக் கழிவுநீரைவிடப் பல நூறு மடங்கு ஆக்சிஜனைத் தின்னும். நான் வேலை பார்த்த ஒரு கூடத்தில் கழிவுநீர் நிலையத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று வரைபடமெல்லாம் தயாராகிவிட்டது. தரையில் சரிவை மாற்றி, இரத்தத்துக்குத் தனி வாய்க்காலும் ஒரு டேங்கும் வைத்ததும் பழைய நிலையமே போதும் என்று ஆகிவிட்டது. வரைபடம் போட்டவருக்குத்தான் வருத்தம்.

கொழுப்பு. இதற்கு எதிரி நேரம். சூட்டில் கிடக்கக் கிடக்கக் கொழுப்பு உடைந்து அதில் தனி அமிலங்கள் கூடும், நிறம் கறுக்கும். புதிதாக உருக்கிய கொழுப்பு சோப்புக்கும், பயோடீசலுக்கும், இப்போது விமான எரிபொருளுக்கும்கூடப் போகிறது. ஒரு நாள் வெயிலில் கிடந்த கொழுப்பைச் சாதாரண முறையில் பயோடீசல் ஆக்கப் பார்த்தால், உள்ளே விடும் காஸ்டிக் சோடா போன்ற காரம் அந்த அமிலங்களோடு சேர்ந்து சோப்பாகிவிடும். டீசல் கேட்டால் நுரை வரும். அப்படிக் கெட்டுப்போன கொழுப்புக்குத்தான் வாயுக் கலன்.

எலும்பு. கொலாஜன் என்ற புரதம் ஒரு பக்கம், கால்சியம் பாஸ்பேட் என்ற தாது ஒரு பக்கம். முதலாவது ஜெலட்டின் ஆகும், மருந்துக் கேப்சூல் உறை அதுதான். மீதி உரம். எலும்பிலிருந்து வாயு எடுக்க நினைக்க வேண்டாம், அடியில் கல்லாகப் படிந்து இடத்தை அடைக்கும்.

இறகு. பெரும்பகுதி கெரட்டின், அதாவது நம் நகமும் முடியும் எந்தப் பொருளோ அது. கந்தகப் பிணைப்புகளால் இறுக்கிக் கட்டியது என்பதால் கலனில் போட்டால் மிதக்கும், மேலே மெத்தை போலப் படரும், கரையாது. மூடிய கொப்பரையில் அழுத்த நீராவியில் வேகவைத்தால் அந்தக் கட்டு அவிழ்ந்து, மாவாக அரைக்கலாம். நைட்ரஜன் நிறைந்த உரமாகவும் மீன், செல்லப்பிராணித் தீவனத்தில் சேர்மானமாகவும் போகும். ரொம்பவும் வேகவைத்தால் அமினோ அமிலங்கள் கெட்டுப் பெயருக்குத்தான் புரதம்.

குடலும் இரைப்பையில் இருக்கும் அரைகுறைப் புல்லும். கடைசியில் கலனுக்கு வேலை வந்துவிட்டது. இதையெல்லாம் தாராளமாகப் போடுங்கள்.

தீவனம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1986-ல் பிரிட்டனில் பைத்திய மாட்டு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மாட்டு இறைச்சி-எலும்பு மாவை மாட்டுக்கே தீவனமாகக் கொடுத்ததுதான் அது பரவிய வழி. 1988-ல் பிரிட்டன் அசைபோடும் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தது. 2001-ல் ஐரோப்பிய ஒன்றியம் பண்ணைத் தீவனம் முழுவதற்கும் தடையை விரித்தது. 2021-ல்தான் பன்றி மாவைக் கோழிக்கும் கோழி மாவைப் பன்றிக்கும் தர அனுமதி திரும்பியது. இன்றும் அங்கே முக்கியமான வேகவைப்பு முறை 133 டிகிரி, 3 பார் அழுத்தம், 20 நிமிடம். துண்டுகள் 50 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இதற்கும் அந்த நோய்க்கான பிரியான் (நோயைப் பரப்பும் உருமாறிய புரதம்) முழுதாக அடங்காது என்பதால், ஆபத்துள்ள மூளை, தண்டுவடப் பகுதிகளை எரிக்கத்தான் வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் எதுவானாலும் ஒரே இனத்தின் கழிவு அதே இனத்தின் தட்டுக்குப் போகக் கூடாது. இதில் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை.

கேள்வி: கோழி எருவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்களாமே?

எடுக்கிறார்கள். இங்கிலாந்தில் ஐ என்ற ஊரில் 1992-ல் உலகின் முதல் கோழிக்கூள மின்நிலையம் வந்தது. அப்புறம் தெட்ஃபோர்டில் 38.5 மெகாவாட்டில் பெரிய நிலையம் கட்டினார்கள். தரையில் மரத்தூள் பரப்பிக் கோழி வளர்க்கும் ஆழ்கூளக் கொட்டகையில் எச்சம் அந்தத் தூளோடு கலந்து காய்ந்திருப்பதால் அது எரியும். கூண்டுக் கோழியின் ஈர எச்சம் அப்படி எரியாது. எரித்த சாம்பலில் பாஸ்பரஸும் பொட்டாஷும் தங்கும், நைட்ரஜன் புகையோடு போய்விடும். சுற்றுவட்டார நிலம் தாங்க முடியாத அளவுக்கு எரு குவிகிற இடத்தில் இது நியாயம். வயலுக்கு எரு போதாத இடத்தில் நைட்ரஜனைக் கொளுத்திவிட்டு யூரியா வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

கலனில் கோழி எச்சத்தை மட்டும் போடுவதும் சிக்கல். நைட்ரஜன் அதிகம், அது அம்மோனியாவாகி மீத்தேன் கூட்டத்தை மயக்கிவிடும். வைக்கோல், புல், மாட்டுச் சாணம் என்று கார்பன் உள்ள எதையாவது கலந்து போடுங்கள்.

கேள்வி: ஒரு மாட்டை வைத்து ரயில் ஓட்டலாம் என்று நண்பன் சொல்கிறான். கட்டுக்கதைதானே?

உங்கள் நண்பன் ஜெயித்தான். ஸ்வீடனின் லிங்ஷேப்பிங் நகரிலிருந்து 2005-ல் இறைச்சிக்கூடக் கழிவு வாயுவில் ஒரு ரயில் ஓடியது. ஒரு மாட்டின் குடல், கொழுப்பு முதலிய கழிவுக்கு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். நான்கே கிலோமீட்டர்தானா என்று கேட்காதீர்கள், மாடு அதற்காக வளர்க்கப்படவில்லை.

கேள்வி: கல்லூரி மாணவி நான். சாண எரிவாயுவைப் பசுமை ஆற்றல் என்கிறார்கள். எரித்தால் கார்பன் டை ஆக்சைடு வரத்தானே செய்கிறது? இது வெறும் விளம்பரமா?

பாதிக்குப் பாதி. மாடு தின்ற புல் காற்றிலிருந்து எடுத்த கார்பன்தான் திரும்பிப் போகிறது, நிலக்கரி மாதிரி பூமிக்கு அடியிலிருந்து புதிதாகத் தோண்டியது அல்ல. அதைவிடப் பெரிய லாபம் வேறு. திறந்த குட்டையில் தேங்கிய சாணக் கரைசல் தானாகவே மீத்தேனை விடும். நூறு வருஷக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 27 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதைப் பிடித்து எரிப்பதே ஒரு சேவை.

விளம்பரக்காரர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு. மாடு விடும் மீத்தேனில் பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியே போகிறது, அதைச் சாணக் கலன் பிடிக்காது. இரண்டாவது, கலனும் குழாயும் கசிந்தால் நாம் பிடித்த மீத்தேனையே திரும்ப ஊதிவிடுகிறோம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்காத ஒரு நிலையத்தைப் பசுமை என்று நான் எழுத மாட்டேன். உங்கள் பேராசிரியருக்கும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: வாயு எடுத்தபின் சாணத்தில் சத்து இருக்குமா? வயல்காரர்கள் 'சக்கை' என்று வாங்க மறுக்கிறார்கள்.

போனது கார்பனில் ஒரு பங்குதான். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நைட்ரஜனில் ஒரு பகுதி அம்மோனிய வடிவத்துக்கு வந்திருப்பதால் பயிர் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதே காரணத்தால் சீக்கிரம் பறந்தும் போகும். வெயிலில் காயவைத்து மூட்டை கட்டி விற்றால், அப்போது வயல்காரர்கள் சொல்வதுதான் உண்மை. மூடிய தொட்டியில் வைத்து, மாலையில் பாய்ச்சி, உடனே மண்ணில் கலந்துவிடச் சொல்லுங்கள். ஒரு பாத்தியில் உங்கள் கரைசல், பக்கத்துப் பாத்தியில் பச்சைச் சாணம் என்று போட்டுக் காட்டினால் நீங்கள் பேசவே வேண்டாம்.

கேள்வி: வருஷக்கணக்கில் சேர்ந்த மண்டியை எடுக்கக் கலனைத் திறக்கிறோம். மூடியைத் திறந்து ஒரு நாள் விட்டுவிட்டு ஆளை இறக்கினால் போதும்தானே?

போதாது. இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே படுத்திருக்கும். மண்டியைக் கிளறும்போது சிறைப்பட்டிருந்ததும் சேர்ந்து வெளியே வரும். கொஞ்சமாக இருக்கும்வரைதான் நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. வாசனை இல்லை, சரியாகிவிட்டது என்று நினைத்து இறங்குகிறவர்கள் விழுகிறார்கள். அவரைத் தூக்கப் போகிறவரும் விழுகிறார்.

மேலே நின்றபடியே மண்டி பம்பை இறக்கித் தண்ணீர் பாய்ச்சிக் கலக்கி உறிஞ்சுங்கள். பெரும்பாலான கலனுக்கு இதுவே போதும். உள்ளே போயே ஆகவேண்டிய உடைப்பு என்றால், வாயு அளக்கும் கருவி, ஊதுகுழல் விசிறி, வெளிக்காற்று வரும் முகமூடி, இடுப்புப் பட்டையில் கயிறு, அதை இழுக்க மேலே மூன்று கால் தூக்குச் சட்டமும் இரண்டு பேரும் வைத்திருக்கும் ஆட்களைக் கூப்பிடுங்கள். பீடி, சிகரெட், வெல்டிங், செல்போன் எதுவும் பக்கத்தில் வேண்டாம். எந்த நாளில் திறக்கிறீர்கள் என்று எழுதவில்லையே. இந்த இதழ் கைக்கு வந்த சில நாளிலேயே என்றால், ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.